கோழித் தீவனக் கடையில் வாங்கிய மணல்

நாகர்கோவிலில் அலங்கார மீன் விற்கும் கடையில் கேள்வி கேட்டது நான். கடைக்காரர் பதில் சொன்னது என் அண்ணனிடம்.

கடல் மீன் வளர்க்கும் தொட்டியின் அடியில் விரிக்க என்ன மணல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் அண்ணனைப் பார்த்து, வெளிநாட்டிலிருந்து வரும் பவள மணலைத்தான் சார் போட வேண்டும் என்றார். நாலடித் தொட்டிக்கு, அரைச் சாணுக்கு மேல் உயரமாகப் போட என்ன ஆகும் என்று கேட்டேன். அதற்கும் அண்ணனிடமே ஒரு தொகையைச் சொன்னார். கண்ணாடித் தொட்டி, அதைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டு, மோட்டார், விளக்கு என்று நான் அதுவரை வாங்கிய அத்தனைக்கும் ஆன செலவைவிட அது அதிகம்.

“வேற மணல் போட்டா?” என்று கேட்டேன்.

“வேற மணல் போட்டா ஒரு மாசத்துல எல்லாம் செத்துரும் சார். லேடீஸ் ஆசைப்பட்டா கோல்டுபிஷ் வளக்கச் சொல்லுங்க. அதுக்கு மணலே வேண்டாம்.”

ஏன் சாகும், இந்த மணல் பாக்கெட்டில் இருக்கும் எது வேறு மணலில் இல்லை என்று கேட்டேன். அவர் பாக்கெட்டைத் திருப்பி அதில் அச்சடித்திருந்த படத்தைக் காட்டினார். நீலத் தண்ணீரும் ஆரஞ்சு மீனும் இருந்த படம். எனக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். சுண்ணாம்புச் சத்து. பவளமும் சிப்பியும் உடைந்து, தேய்ந்து, மணலானது. தண்ணீரில் புளிப்பு ஏறாமல் அது பார்த்துக்கொள்ளும். அவருக்கும் தெரிந்திருக்கலாம். வாங்க வந்தவளிடம் அதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார்.

பைக்கில் திரும்பும்போது அண்ணன், இது நமக்குச் சரிவராது, தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றான். தக்கலை தாண்டுவதற்குள் எனக்குள் முடிவாகிவிட்டது. தொட்டியில் மணல் இருக்கும். நான் நினைத்த உயரத்துக்கு இருக்கும். அது அந்தப் பாக்கெட் மணலாக இருக்காது.

எங்கள் வீடு அருமனைக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. என் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. அதில் நானும் அம்மாவும். பின்பக்கம் பழைய ஓட்டு வீட்டில் அண்ணனும் மதினியும் அவர்கள் மகளும். அண்ணனுக்கு ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் வியாபாரம். அப்பா இல்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம் நான் ஷார்ஜாவில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்தேன். என் மேசைக்கு எதிரே சுவர் நீளத்துக்கு ஒரு கடல் தொட்டி. பல் வலியோடு வருகிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதைப் பராமரிக்க வாரம் ஒருமுறை ஒரு பிலிப்பைன்ஸ்காரர் வருவார். கொரோனாவில் அவரால் வர முடியாமல் போனபோது, டாக்டர் என்னிடம் அதற்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டார், பூந்தொட்டியைப் பற்றிக் கேட்பது மாதிரி. நான் பிலிப்பைன்ஸ்காரருக்குப் போன் போட்டேன். அவர் முதலில் சொன்னது, மணலைத் தொடாதே என்பதுதான். கண்ணாடியைத் துடை, தண்ணீரை மாற்று, உப்பைப் பார், மணலில் மட்டும் கை வைக்காதே.

ஏன் என்று பிறகு புரிந்தது. அந்தத் தொட்டியில் மணல் மெல்லியதாக விரிக்கப்பட்டதில்லை, ஆழமாகப் போடப்பட்டது. மீன் தின்று கழிப்பது தண்ணீரில் நஞ்சாகிறது. மேல் மணலில் காற்றோட்டத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த நஞ்சைக் கொஞ்சம் குறைந்த நஞ்சாக மாற்றுகின்றன. அடி மணலில் காற்று எட்டாது. அங்கே வேறு கூட்டம். அது மிச்சத்தையும் உடைத்து வெறும் வாயுவாக்கி மேலே அனுப்பிவிடும். கண்ணாடியோரமாகப் பார்த்தால் மணலுக்குள் சின்னச் சின்னக் குமிழிகள் தெரியும். நூல் போன்ற புழுக்கள் வளை தோண்டிக்கொண்டிருக்கும். மேலே மீனைப் பார்க்கிறவர்களுக்குக் கீழே நடப்பது தெரியாது. நான் கீழேதான் பார்த்தேன்.

பிறகு ஒருநாள் மருத்துவமனையை மூடினார்கள். தொட்டியை உடைக்க வந்தவர்கள் மீன்களை ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு, மணலை மண்வாரியால் அள்ளிக் குப்பைப் பைகளில் போட்டார்கள். கூடம் முழுக்க அழுகிய முட்டை நாற்றம். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள். நான் போகவில்லை. வேலை போனதுகூட அன்று அவ்வளவு உறைக்கவில்லை. உயிருள்ள ஒன்றைக் குப்பையில் வாரிப் போடுகிறார்கள் என்பதுதான் உறைத்தது.

நாற்பது தாண்டிய, கல்யாணம் ஆகாத ஒருத்தி ஊருக்குத் திரும்பினால் அவள் பணத்துக்கும் நேரத்துக்கும் எல்லோரிடமும் ஒரு திட்டம் இருக்கும். ஒரு தையல் மிஷின் வாங்கிப் போடு என்றார்கள். மனைவியை இழந்த ஒருவர் இருக்கிறார் என்றார்கள். முன்னறையை வாடகைக்கு விடு என்றான் அண்ணன். நான் முன்னறையில் இரும்பு ஸ்டாண்டை இறக்கி அதன்மேல் தொட்டியை வைத்தேன். என்னை ஏன் என்று கேட்டவர்களிடம் எனக்கு வேண்டும் என்று சொன்னேன். அதற்குமேல் ஒரு காரணம் சொல்லியாக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

மணல் என்றதும் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, ஒரு சாக்கு அள்ளிக்கொண்டு வந்தால் போயிற்று. கடல் தொட்டிக்குக் கடல் மணல். எனக்கு அது ஆகாது என்று சந்தேகம் இருந்தது. ஆனாலும் சொல்கிறார்களே என்று சும்மா விடக்கூடாது. பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பஸ் ஏறி மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போனேன். மணலில் இரும்பு கலந்திருக்கிறதா என்று பார்க்க, கையில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம். அலை ஒதுங்கிய இடத்தில் மணல் கறுப்பும் சிவப்புமாக, மை தடவியதுபோல் கிடந்தது. காந்தத்தை அதில் புரட்டி எடுத்தேன். கறுப்புத் தாடி முளைத்த மாதிரி மணல் அதில் ஒட்டிக்கொண்டு வந்தது.

கைப்பிடியளவு ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டிருந்தபோது, வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர், டப்பாவில் கொண்டு போனால் யாரும் கேட்க மாட்டார்கள், சாக்கில் கட்டினால் போலீஸ் வரும் என்று சொன்னார். இந்த மணலில் இருக்கும் கனிமத்துக்கு அரசாங்கத்தில் விலை இருக்கிறது. எங்களுக்கு அதோடு கதிர்வீச்சுப் பயமும் இருக்கிறது. என் மீனுக்கு அதில் ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கு வந்து இன்னொரு சோதனையும் செய்தேன். ரப்பர் பால் உறைவதற்கு ஊற்றும் ஆசிட் அண்ணனின் கொட்டகையில் எப்போதும் இருக்கும். தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்த ஆசிட்டில் சில சொட்டு மணல்மேல் விட்டேன். சுண்ணாம்பு மணலாக இருந்தால் நுரைத்துப் பொங்கும். இதில் இரண்டு மூன்று சிப்பித் துணுக்குகள் மட்டும் சீறி அடங்கின. மற்றதெல்லாம் கல்லாகக் கிடந்தது.

அடுத்தது ஆற்று மணல். அது இப்போது யாருக்கும் நேர்வழியில் கிடைப்பதில்லை. குறுக்குவழியில் வருவதை நான் கேட்கவும் இல்லை. பிறகு எம்-சாண்ட். அண்ணனின் கூட்டாளி ஒருவருக்குக் கிரஷரில் பழக்கம். ஒரு குட்டி யானை வண்டி நிறைய, காசே வேண்டாம், இறக்கித் தருகிறேன் என்றார். அண்ணனுக்குச் சந்தோஷம். சும்மா வருகிறதே. எனக்கு வேண்டாம் என்றேன். உடைத்த கல் கூர்மையாக இருக்கும், மணலுக்குள் வாழும் புழுவின் உடம்பைக் கிழிக்கும் என்றேன். அது உண்மைதான். ஆனால் அது மட்டும் உண்மையில்லை. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் தெரிந்த மலை ஒன்று பாதியாகிவிட்டது. வெடி வைக்கும்போது வீட்டு ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது. அந்த மலையை நான் என் முன்னறையில் கொட்டிக்கொள்ள மாட்டேன்.

“சும்மா கிடைக்கியதும் வேண்டாம், கடையில உள்ளதும் வேண்டாம். பின்ன ஒனக்கு என்னதான் வேணும்?” என்று அண்ணன் கேட்டான்.

“கிடைக்கும்போ சொல்லுதேன்,” என்றேன்.

தொட்டி காலியாகவே இருந்தது. மதினி அதற்குள் பழைய பேப்பர்களை வைக்க ஆரம்பித்தாள். நான் எடுத்து வெளியே வைப்பேன். மறுபடி வைப்பாள். அவள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. காலியாக ஒரு இடம் கிடப்பது அவளுக்குப் பொறுக்காது.

எனக்கு வழி காட்டியது முட்டை. கடையில் வாங்கிய முட்டையின் ஓடு கனமாக இருக்கிறதே என்று காலையில் நினைத்தேன். பண்ணைக் கோழிக்கு ஓடு கட்டியாவதற்கு ஏதோ போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கையிலிருந்த முட்டை ஓட்டில் ஆசிட்டை விட்டுப் பார்த்தேன். பொங்கியது. அன்றைக்கே மார்த்தாண்டத்துக்குப் போனேன்.

சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கோழித் தீவனக் கடை. தொப்பி வைத்த நடுவயதுக்காரர் ஒருவர் இருந்தார். கோழிக்கு ஓடு கட்டியாக என்ன போடுவீர்கள் என்று கேட்டேன். இரண்டு இருக்கிறது என்று காட்டினார். ஒன்று உடைத்த கிளிஞ்சல். விரல் நகம் அளவுக்குப் பெரியது, ஆழ மணலுக்கு ஆகாது. இன்னொன்று சுண்ணாம்புக் கல் குருணை. வெள்ளையாக, பொடியும் குருணையும் கலந்து இருந்தது. உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்தேன். மாவைத் தட்டிவிட்டால் மிச்சம் இருப்பது சரியாக ரவை அளவு. மூலைகள் அவ்வளவு கூர்மையாக இல்லை.

“எத்தன கோழி நிக்குது?” என்று கேட்டார்.

“கோழி இல்ல. மீனுக்கு.”

அவர் என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். சகோதரி முறை சொல்லித்தான் பேசினார். “பெங்ஙளே, இது கோழிக்குள்ளதாக்கும். மீனுக்கு என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது. செத்துப் போச்சுண்ணு சொல்லி இஞ்ச வரப்பிடாது, கேட்டியளா?”

வர மாட்டேன் என்றேன். எனக்கு அவர் பேச்சு பிடித்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். அதோடு, பேசியது என்னிடம். கடை வாசலிலேயே பையிலிருந்த ஆசிட் குப்பியைத் திறந்து ஒரு சிட்டிகை குருணையில் விட்டேன். சோடா மாதிரிச் சீறியது. காந்தத்தை வைத்தேன். ஒரு பொடிகூட ஒட்டவில்லை. மூன்று மூட்டை வாங்கி ஆட்டோவில் ஏற்றினேன். நாகர்கோவில் கடைக்காரர் சொன்ன தொகைக்கு, அந்தக் குருணையை நான் முன்னறை முழுக்க முழங்கால் உயரத்துக்குக் கொட்டியிருக்கலாம்.

அடுத்த சில நாட்கள் சலித்தேன். சமையலறையின் ரவைச் சல்லடையில் முதலில் மாவைத் தள்ளினேன். பிறகு கொஞ்சம் பெரிய கண் சல்லடையில் குருணையை நிறுத்தினேன். கை, முகம், புருவம் எல்லாம் வெள்ளை. அம்மா ஞாயிற்றுக்கிழமை நிழல்தாங்கலுக்குக் கும்பிடப் போய்த் திரும்பியவள், நெற்றியில் நாமத்தோடு என் முன்னால் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்து, “ஒனக்கு மேலெல்லாம் நாமம் இட்டாச்சே மக்கா,” என்றாள். அதுவரை அம்மா இந்த விஷயத்தில் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உட்கார்ந்து ஒரு சல்லடையை எடுத்துக்கொண்டாள்.

சலித்ததைக் குழாயடியில் வாளி வாளியாகக் கழுவினேன். எத்தனை முறை கழுவினாலும் பால்தான் வடிந்தது. ஒரு கட்டத்தில் போதும் என்று தொட்டிக்குள் கொட்டிப் பரப்பினேன். முட்டத்திலிருந்து கேன்களில் கொண்டுவந்த கடல் தண்ணீரை ஒரு தட்டின்மேல் மெதுவாக ஊற்றி நிரப்பினேன். மோட்டாரைப் போட்டேன்.

தொட்டி முழுக்கப் பால். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் கை தெரியவில்லை.

அண்ணன் வந்து பார்த்தான். கண்ணாடியை விரலால் தட்டினான். பிறகு, “பாற்கடலு ரெடி. திருவட்டாற்றுப் பெருமாளு வந்து படுத்தாப் போதும்,” என்றான். மதினி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அப்போது சிரித்திருந்தால் அவன் அடுத்த வார்த்தை, சரி எடுத்துவிடுவோம் என்பதாக இருந்திருக்கும்.

பால் தெளிய ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. தெளிந்ததும் வெள்ளை மணல் கண்ணைப் பறித்தது. அந்த அழகும் நிலைக்கவில்லை. மணல்மேல் பழுப்பாக ஒரு படலம் படர ஆரம்பித்தது. புதுத் தொட்டிக்கு இது வரும், தானாகப் போகும் என்று எனக்குத் தெரியும். பார்க்கிறவர்களுக்கு அது சாக்கடை. முட்டம் பாறைக் குழிகளிலிருந்து ஒரு கிண்ணம் சகதி மணலும் நாலைந்து நத்தைகளும் கொண்டுவந்து உள்ளே விட்டேன். சகதியில்தான் புழுவும் நுண்ணுயிரும் இருக்கும். பாலுக்கு உறைமோர் விடுவதுபோல. வெள்ளை மணலில் கறுப்புச் சகதியைக் கொட்டியதைப் பார்த்த மதினி தலையில் கை வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் மகளைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். குலசேகரம் பக்கத்து ஆட்கள். பையன் துபாயில். அண்ணனின் ஓட்டு வீட்டில் ஆட்களை உட்கார வைக்க இடமில்லை. விசேஷம் என்றால் எங்கள் முன்னறைதான். அண்ணன் காலையிலேயே இரண்டு ஆட்களோடு வந்தான். தொட்டியைப் பின்கட்டுக்கு மாற்ற வேண்டும் என்றான்.

நிறைந்த தொட்டியைத் தூக்க முடியாது, கண்ணாடி ஒட்டு விட்டுப்போகும் என்றேன். அப்படியானால் காலி பண்ணு என்றான். மணலைக் கலைத்தால் எல்லாம் முதலிலிருந்து என்றேன். ஒரு சேலையைப் போட்டு மூடு என்றான். பகல் முழுக்கக் காற்றோட்டமில்லாமல் மூடி வைக்க முடியாது என்றேன். அவன் குரல் உயர்ந்தது.

“ஒரு பெண்ணுக்க வாழ்க்கை இது. ஒனக்கு ஒன் சாக்கடைதான் பெரிசா?”

“அவளுக்க வாழ்க்கைக்கு நான் என்ன வேணுமானாலும் செய்வேன். இதை எடுக்க மாட்டேன்.”

“இது எனக்க அப்பனுக்க மண்ணு. மறந்துட்டியா?”

“மண்ணு அப்பாக்க உள்ளது. வீடு நான் கெட்டினது. இந்த அறையில என்ன நிக்கணும்னு நான் சொல்லுவேன்.”

அதை அதுவரை நான் சொன்னதில்லை. பணம் அனுப்பிய அத்தனை வருடத்திலும் சொன்னதில்லை. அண்ணன் கூட்டி வந்த ஆட்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மா சமையலறை வாசலில் இருந்தாள். அண்ணன் அவளைப் பார்த்தான். அவள் கண்ணை விலக்கிக்கொள்ளவில்லை. அவன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். தொட்டி நின்ற இடத்தில் நின்றது. நாற்காலிகளை அதைச் சுற்றிப் போட்டோம். சாயா கொடுத்து முடிந்ததும் பையனின் அம்மா தொட்டியைக் காட்டி, இதென்ன மணல் என்று கேட்டார்கள். அண்ணன் முந்திக்கொண்டு, அது தங்கச்சி ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்தது என்றான். பெருமையாகத்தான் சொன்னான். அவனைப் பொறுத்தவரை அது எனக்குச் செய்த உதவி.

“இல்ல,” என்றேன். “மார்த்தாண்டத்துல கோழித் தீவனக் கடையில வாங்கினது.”

மதினியின் முகம் சிவந்தது. பையனின் அப்பா எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். வீட்டில் இருபது முப்பது கோழி வைத்திருப்பதாகவும் இதே குருணையைத்தான் போடுவதாகவும் சொன்னார். இதில் மீன் உயிரோடு இருக்குமா என்று கேட்டார். இருக்க வேண்டும் என்றேன். இதெல்லாம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நத்தை ஒன்று கண்ணாடியில் ஏறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. காரணம் அவர்கள் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லோரும் தொட்டியைத்தான் காரணம் என்றார்கள். அண்ணன் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். அவன் மகள் மட்டும் ஒருநாள் முன்னறைக்கு வந்து, தொட்டியைப் பார்ப்பதுபோல நின்று, “அத்தே, எனக்கு அந்தாளைப் பிடிக்கல்ல. போட்டோவிலயே பிடிக்கல்ல. ஆரும் கேக்கல்ல,” என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அதை அண்ணனிடம் கொண்டு போகவில்லை. அது அவள் சொல்ல வேண்டியது. பிறகு அவளே சொன்னாள் என்று கேள்விப்பட்டேன்.

பழுப்புப் படலம் போய்விட்டது. தண்ணீரைச் சோதித்துப் பார்த்தேன். நஞ்சு ஏறியது, இறங்கியது, அடங்கியது. கண்ணாடியோரம் மணலுக்குள் முதல் குமிழியைப் பார்த்த அன்று நாகர்கோவிலுக்குத் தனியாகப் போனேன். ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் இரண்டு கேட்டேன். இந்த முறை அண்ணன் இல்லாததால் கடைக்காரர் என்னிடமே பேச வேண்டியிருந்தது. எந்த மணல் போட்டீர்கள் மேடம் என்றார். சொன்னேன். ஒரு வருடத்தில் அது கல்லாக இறுகிவிடும், எல்லாம் செத்துவிடும் என்றார். முன்பு ஒரு மாதம் என்றீர்களே, இப்போது அது ஒரு வருடமாக நீண்டுவிட்டதே என்று கேட்டேன். அவர் மீனைப் பாலிதீன் பையில் போட்டு ரப்பர் பாண்டால் இறுக்கிக் கட்டித் தந்தார்.

மீன்கள் நன்றாக இருந்தன. ஒன்று எப்போதும் மோட்டாரின் ஓட்டத்துக்கு எதிரே நீந்திக்கொண்டு நிற்கும். இன்னொன்று அதன் நிழலில். அம்மா காலையில் சாயாக் கிளாசோடு அங்கே உட்கார ஆரம்பித்தாள்.

பிறகு மழைக்காலம் வந்தது. ஒரு புயல் மழையில் ரப்பர் மரங்கள் கம்பிமேல் விழுந்து கரண்ட் போனது. இரண்டு பகல் தாண்டியும் வரவில்லை. பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று வைத்திருந்தேன். அது முதல் நாளே நின்றுவிட்டது. சாலையில் மரம் கிடந்ததால் கடைக்குப் போக வழியில்லை. நானும் அம்மாவும் மாற்றி மாற்றிச் செம்பில் தண்ணீரைக் கோரி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். அப்படி ஊற்றினால் கொஞ்சம் காற்று கலக்கும். அம்மாவுக்குக் கை வலித்தது. போதும் என்று நான் சொன்ன பிறகும் ஊற்றினாள். கடைசியில் இரண்டு மீனும் செத்துப்போயின. முதலில் பெரியது. அப்புறம் சின்னது.

நான் அழுதேன். அதை மறைப்பதற்கில்லை. அழுததும் உண்மை, அழுதுகொண்டே செத்த மீனை வலையில் எடுத்துத் தண்ணீர் கெடாமல் பார்த்துக்கொண்டதும் உண்மை.

கோழி மணல் மீனைக் கொன்றுவிட்டது என்று பேச்சு பரவியது. பக்கத்து வீட்டில் குளிர்பெட்டிக்குள் இருந்த கோழியும் மீனும் அதே கரண்ட் இல்லாமல்தான் அழுகின. அதற்கு யாரும் குளிர்பெட்டியைக் குறை சொல்லவில்லை.

சாலை சரியானதும் அண்ணன் வந்தான். பல மாதத்துக்குப் பிறகு என் முன்னறைக்குள் வந்தான். கையில் மம்பட்டியும் வெறும் சாக்கும். அவன் குத்திக்காட்ட வரவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“விடு மக்கா,” என்றான். “ஆசப்பட்ட, பாத்தாச்சு. நீ அந்தால போய் இரி. நான் கோரிப் போட்டுட்டுப் போறேன்.”

எனக்கு ஷார்ஜாவில் அள்ளியவர்களின் ஞாபகம் வந்தது. அவர்களை நான் தடுக்கவில்லை. அந்தத் தொட்டி என்னுடையதாக இல்லை. நான் போய்த் தொட்டிக்கும் அண்ணனுக்கும் நடுவில் நின்றேன்.

“தொடாத.”

“மீனு செத்தாச்சே. பின்ன எதுக்கு?”

“மீனுதான் செத்துது. மணலு சாகல்ல.”

அவன் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். நான் அவன் கையைப் பிடித்துக் கண்ணாடியோரம் குனிய வைத்தேன். டார்ச்சை அடித்தேன். மணலுக்குள், கண்ணாடியை ஒட்டி, சிவப்பு நூல் மாதிரி ஒரு புழு தன் வளைக்குள் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. குருணைகளுக்கு நடுவே குமிழிகள். மணல் எங்கேயும் கல்லாகவில்லை. நான் எதையும் விளக்கவில்லை. அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். அவனுக்குப் புரிந்ததா என்று தெரியாது. புரிய வேண்டும் என்று நான் காத்திருக்கவும் இல்லை.

“இதுக்கு வேண்டியாக்கும் இந்தப் பாடு?” என்றான்.

“ஆமா,” என்றேன்.

அவன் மம்பட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். சாக்கை மறந்துவிட்டுப் போயிருந்தான். நான் அதை மடித்து அவன் கொட்டகைத் திண்டில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் கேன்களை எடுத்து ஆட்டோவில் வைத்தேன். பாதித் தண்ணீரையாவது உடனே மாற்ற வேண்டும். அம்மா சேலை மாற்றிக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏறினாள். வர வேண்டாம், கை வலிக்கும் என்றேன். அவள் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டாள்.

முட்டத்தில் புயலுக்குப் பிறகு கடல் கலங்கித்தான் இருந்தது. பாறையோரமாகத் தெளிந்த இடம் தேடிக் கேன்களை நிரப்பினேன். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்று மூடிகளைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோக்காரர் மேலே நின்று, கடல்வெள்ளம் உப்பாச்சே, எதுக்கு இவ்வளவு என்று அம்மாவிடம் கேட்டார்.

“எங்களுக்கு வேணும்,” என்றாள் அம்மா. “நீங்க கேனைத் தூக்கிக் குடுங்க.”

அவர் இறங்கி வந்து தூக்கிக் கொடுத்தார். தண்ணீர் தளும்பி ஆட்டோவின் தரை முழுக்க உப்பானது. வழியெல்லாம் அம்மா ஒரு கேனின் மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தாள்.